புள்ளிகள் போடும் ஓட்டு

1950களின் இறுதியில் துகள் இயற்பியல் ஆய்வகங்களில் படச்சுருள்கள் மலையாகக் குவிந்தன. அவற்றைப் பார்க்கத்தான் போதிய கண்கள் இல்லை. ஒரு படத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்கும் முறை இந்த நெருக்கடியில்தான் பிறந்தது.

படங்கள் குவிந்ததற்குக் காரணம் குமிழ் அறை. 1952இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிளேசர் உருவாக்கிய கருவி அது. அழுத்தத்துக்குள் அடைபட்ட ஒரு திரவத்தைச் சூடாக்கி, சட்டென்று அழுத்தத்தைக் குறைத்தால், திரவம் கொதிப்பதற்குத் தயாராகிவிடும். தொடங்கிவைக்க ஒரு தூண்டுதல்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று ஊடுருவிப் போனால், போன வழியெங்கும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் முளைக்கும். உடனே ஒரு ஃப்ளாஷ், ஒரு படம். துகள் போய்விடும், அதன் தடம் படச்சுருளில் தங்கிவிடும்.

அறையைச் சுற்றிக் காந்தப்புலம் இருப்பதால் அந்தத் தடம் வளையும். வளைவின் ஆரத்தை அளந்தால் துகளின் உந்தம் தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவு உந்தமுள்ள துகள் ஏறக்குறைய 2.2 மீட்டர் ஆரத்தில் வளைகிறது. மின்னூட்டம் இல்லாத துகளோ தடமே பதிக்காது. அது சிதைந்து இரண்டு துகள்களாகப் பிரியும் இடத்தில், வெற்றிடத்திலிருந்து திடீரென்று கிளம்பியதுபோல இரண்டு தடங்கள் கவட்டையாகப் பிரிந்து நிற்கும். புதிய துகள்களைத் தேடியவர்கள் இந்தக் கவட்டைகளுக்காகத்தான் படம் படமாகத் துழாவினார்கள்.

1959இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸின் குழு 72 அங்குல நீளமுள்ள, திரவ ஹைட்ரஜன் நிரப்பிய பெரிய குமிழ் அறையை இயக்கத் தொடங்கியது. படங்களை மேசைமேல் பெரிதாக்கி விழவைத்து, தடங்களைத் தேடிக் குறித்து அளப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிளேசருக்கு 1960இலும் ஆல்வரெஸுக்கு 1968இலும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அறை படமெடுக்கும் வேகத்துக்கும் மனிதக் கண்கள் படிக்கும் வேகத்துக்கும் இடையிலான பள்ளம் அகன்றுகொண்டே போனது.

கிளேசர் இருந்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் பால் ஹஃப். 1959இல் ஜெனீவாவில் செர்ன் நடத்திய மாநாட்டில், குமிழ் அறைப் படங்களை எந்திரமே படிக்க ஒரு வழி சொன்னார் அவர். 1960 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1962 டிசம்பர் 18 அன்று அது கிடைத்தது. அவர் சொன்ன வழியின் அருமை புரிய வேண்டுமென்றால், கணினிக்குக் கோடு ஏன் கடினம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விளிம்பு கிடைத்தால் போதாதா?

வெள்ளைச் சுவரும் கறுப்புத் தரையும் சந்திக்கும் இடத்தைப் படமெடுத்தால், நமக்குத் தெரிவது ஒரு நேர்கோடு. கணினிக்குக் கிடைப்பது எண்களின் அட்டவணை. 0 என்றால் முழு இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். மேலிருந்து கீழாக ஒரு வரிசையைப் படித்தால் 212, 210, 213, 64, 30, 31 என்று போகும். 213 சட்டென்று 64 ஆகச் சரியும் இடம்தான் விளிம்பு. அண்டை எண்களைக் கழித்துப் பார்த்து, வித்தியாசம் பெரிதாக இருக்கும் பிக்சல்களை எடுத்துக்கொண்டால் விளிம்புப் புள்ளிகள் கிடைத்துவிடும்.

இந்தக் கழித்தலைச் செய்யப் பல வழிகள் வந்தன. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் குறுக்கு மூலைகளில் உள்ள பிக்சல்களைக் கழித்தார். பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டைக் கட்டியெழுப்பியவர் இதே ராபர்ட்ஸ்தான். 1968இல் இர்வின் சோபெல் மூன்றுக்கு மூன்று கட்டத்தை எடுத்துக்கொண்டு, நடு வரிசைக்கு இரட்டை மதிப்புத் தந்து கழித்தார். 1986இல் ஜான் கேனி வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது படத்தை முதலில் இலேசாக மழுக்கி இரைச்சலை அடக்குகிறது. தடித்த விளிம்பை ஒரு பிக்சல் அகலத்துக்கு மெலிக்கிறது. பிறகு இரண்டு அளவுகோல்களை வைக்கிறது. பெரிய அளவைத் தாண்டிய புள்ளிகளுக்கு நேரடி அனுமதி. சிறிய அளவை மட்டும் தாண்டியவை, பலமான விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் தப்பும்.

இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது சில ஆயிரம் புள்ளிகள் மட்டுமே. இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒரே கோட்டைச் சேர்ந்தவை என்று எந்தப் புள்ளியிலும் எழுதியிருக்காது. குமிழ் அறைப் படத்தில் நிலைமை இன்னும் மோசம். குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே இடைவெளி. ஒரு தடத்தின் குறுக்கே இன்னொரு தடம். எதிலும் சேராத உதிரிக் குமிழ்கள் வேறு. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவித் தாவிக் கோட்டைப் பின்தொடர்ந்தால், முதல் இடைவெளியிலேயே வழி தவறிவிடும்.

இரண்டிரண்டு புள்ளிகளாக எடுத்து, அவற்றை இணைக்கும் கோட்டில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று சோதிக்கலாம். விடை சரியாக வரும், கணக்குதான் கட்டுப்படியாகாது. 5,000 புள்ளிகளிலிருந்து ஏறக்குறைய 1.25 கோடி சோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு சோடிக்கும் மீதி 4,998 புள்ளிகளைச் சோதித்தால் மொத்தம் 6,246 கோடி சோதனைகள். ஒரே ஒரு படத்துக்கு!

கேள்வியைத் திருப்பிப் போடுதல்

ஹஃப் கேள்வியையே திருப்பிப் போட்டார். "இந்தக் கோட்டில் எந்தெந்தப் புள்ளிகள் இருக்கின்றன?" என்று கேட்காமல், ஒவ்வொரு புள்ளியிடமும், "உன் வழியாக எந்தெந்தக் கோடுகள் போகக்கூடும்?" என்று கேட்டார்.

பள்ளிக் கணக்கை நினைவுபடுத்திக்கொண்டால் இது எளிது. ஒரு நேர்கோட்டை இரண்டு எண்களால் சொல்லிவிடலாம்: எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதற்குச் சாய்வு, நிலைக்குத்து அச்சை எந்த உயரத்தில் வெட்டுகிறது என்பதற்கு வெட்டுத்துண்டு. இப்போது (1, 3) என்ற புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் வழியாகக் கணக்கில்லாத கோடுகள் போகலாம். ஆனால் அவை அனைத்தும் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை: வெட்டுத்துண்டு = 3 − சாய்வு. சாய்வைக் கிடையாகவும் வெட்டுத்துண்டை நிலைக்குத்தாகவும் குறித்து இன்னொரு வரைபடத்தாளில் இந்த நிபந்தனையை வரைந்தால், அது ஒரு நேர்கோடு. அதாவது படத்தில் உள்ள ஒரு புள்ளி, இந்த இரண்டாவது தாளில் ஒரு கோடாக மாறிவிடுகிறது.

(2, 5) என்ற புள்ளிக்கு நிபந்தனை: வெட்டுத்துண்டு = 5 − 2 × சாய்வு. (4, 9) என்ற புள்ளிக்கு: 9 − 4 × சாய்வு. மூன்றையும் வரைந்து பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும்: சாய்வு 2, வெட்டுத்துண்டு 1. மூன்று புள்ளிகளும் கிடக்கும் கோடு அதுதான். இப்போது (3, 2) என்ற உதிரிப் புள்ளியைச் சேர்த்தால், அதன் கோடு மற்றவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனியே வெட்டுமே தவிர, அந்தப் பொது இடத்துக்கு வராது.

இதைக் கணினியில் செய்ய, இரண்டாவது தாளைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் கோடு போகும் கட்டங்களில் எல்லாம் ஒரு வாக்குப் போடும். கடைசியில் எந்தக் கட்டத்தில் வாக்குகள் குவிந்திருக்கின்றன என்று எண்ணினால் போதும். நம் ஊர்த் தேர்தலிலிருந்து இது ஒரு விதத்தில் வேறுபடுகிறது: இங்கே ஒவ்வொரு வாக்காளரும் தனக்கு ஒத்துவரக்கூடிய எல்லா வேட்பாளர்களுக்கும் ஓட்டுப் போடலாம். உதிரிப் புள்ளிகளும் தாராளமாகப் போடும். ஆனால் அவற்றின் வாக்குகள் சிதறிப் போகும். ஒரே கோட்டில் கிடப்பவற்றின் வாக்குகள் மட்டும் ஓரிடத்தில் குவியும். நடுவில் பத்துக் குமிழ்கள் விடுபட்டாலும் பத்து வாக்குகள்தான் குறையும், வெற்றி மாறாது. முறையின் பலம் முழுதும் இங்கேதான்.

குமிழ் அறைத் தடங்கள் வளைந்தவை ஆயிற்றே என்று கேட்கலாம். ஹஃப் படத்தைப் பல நூறு குட்டிச் சட்டகங்களாக வெட்டிக்கொண்டார். ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளும் வளைவு ஏறக்குறைய நேர்கோடாகவே தெரியும். அவருடைய காப்புரிமையில் விவரிக்கப்பட்டது நிரல் அல்ல, கருவி: புள்ளி ஒன்று தட்டுப்படும்போதெல்லாம் அதற்குரிய கோட்டை மின்சுற்றுகளே வரைந்துவிடும்.

நிமிர்ந்த கோடுகளின் தொல்லை

இயற்பியலாளர்களின் இந்த யுக்தி கணினித் துறைக்கு வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. ஹஃப் வரைபடங்களாகச் சொல்லியிருந்ததை அசிரியல் ரோசன்ஃபெல்ட் 1969இல் வெளியான தன் நூலில் சமன்பாடாக எழுதினார். அதன் வழியே யோசனை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. அங்கே ஷேக்கி என்ற ரோபோவை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் தானாக நகர்ந்து, சுவரையும் தரையையும் பெட்டிகளையும் கேமரா வழியே பிரித்தறிய வேண்டிய ரோபோ அது. சுவர் தரையைத் தொடும் கோடும் பெட்டியின் ஓரங்களும் தெரிந்தால்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியும்.

அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் டூடா, பீட்டர் ஹார்ட் இருவரும் ஹஃப் முறையில் ஒரு கோளாறைக் கவனித்தார்கள். கோடு நிமிர நிமிரச் சாய்வின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். முழுக்க நிமிர்ந்து நின்றால் அது முடிவிலி. எந்த வரைபடத்தாளிலும் முடிவிலிக்கு இடமில்லை. கதவும் சுவர் மூலையும் பெட்டி ஓரமும் நிமிர்ந்தே நிற்கும் ஓர் அறையில் இது சாதாரணக் குறை அல்ல.

அவர்கள் கண்ட தீர்வு, கோட்டுக்கு வேறு இரண்டு எண்களைத் தருவது. படத்தின் ஒரு மூலையிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். அதன் நீளம் தொலைவு; அது திரும்பியிருக்கும் அளவு கோணம். இந்த இரண்டும் எந்தக் கோட்டையும் சொல்லிவிடும். நிமிர்ந்த கோட்டுக்கும் தனிச் சலுகை தேவையில்லை. புள்ளி போடும் நிபந்தனை இப்போது இப்படி மாறும்: தொலைவு = (கிடைத்தூரம் × காஸ் கோணம்) + (உயரம் × சைன் கோணம்). இரண்டாவது தாளில் நேர்கோடுகளுக்குப் பதில் சைன் அலைகள் வரையப்படும். ஒரே கோட்டைச் சேர்ந்த புள்ளிகளின் அலைகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும். 1972 ஜனவரியில் இது கட்டுரையாக வெளிவந்தது. இன்று ஹஃப் உருமாற்றம் என்று பாடநூல்கள் சொல்வது, பெரும்பாலும் டூடாவும் ஹார்ட்டும் திருத்திக் கொடுத்த இந்த வடிவத்தைத்தான்.

கணக்கு எவ்வளவு இலேசாகிறது பாருங்கள். 640-க்கு 480 பிக்சல் படத்தின் மூலைவிட்டம் சரியாக 800. கோணத்தை ஒரு பாகை வீதம் 180 ஆகவும், தொலைவை −800 முதல் 800 வரை ஒவ்வொன்றாகவும் பிரித்தால் மொத்தம் 2,88,180 கட்டங்கள். 5,000 புள்ளிகள் ஆளுக்கு 180 வாக்கு வீதம் 9 லட்சம் வாக்குகள் போடும். 6,246 கோடிச் சோதனைகளின் இடத்தில் 9 லட்சம் கூட்டல்கள்.

இந்தத் தொலைவு–கோணத் தாளைக் கணிதம் முன்பே பார்த்திருந்தது. 1917இல் ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன், ஒரு தளத்தின் மதிப்புகளை எல்லாக் கோடுகளின் வழியாகவும் கூட்டி எழுதினால், அந்தக் கூட்டுத்தொகைகளிலிருந்து தளத்தை மீட்டெடுக்கலாம் என்று நிறுவினார். மருத்துவமனை சி.டி. ஸ்கேன் படத்தின் அடிப்படை அதுதான்: உடலின் வழியே கோடு கோடாகப் போகும் எக்ஸ் கதிர்கள் எவ்வளவு மங்கின என்பதிலிருந்து உள்ளே இருப்பதை மீட்பது. ஸ்கேன் கருவி கோடுகளிலிருந்து படத்துக்கு வருகிறது. ஹஃப் முறை படத்திலிருந்து கோடுகளுக்குப் போகிறது.

வளைவுகளுக்கு என்ன விலை?

வட்டத்துக்கு மூன்று எண்கள் வேண்டும்: மையத்துக்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று. ஆகவே வாக்குப் பதிவு தாளில் நடக்காது. முப்பரிமாணப் பெட்டகம் தேவை. அதே 640-க்கு 480 படத்தில், ஆரத்துக்கு 100 மதிப்புகளைச் சோதித்தால் 3 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள். நீள்வட்டத்துக்கு ஐந்து எண்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்புகள் என்றால் 1,000 கோடிக் கட்டங்கள். வடிவம் கொஞ்சம் சிக்கலானாலும் விலை பன்மடங்காகிறது. 1970களுக்குப் பிறகு நடந்த ஆய்வில் பெரும்பங்கு இந்த விலையைக் குறைப்பதற்கான முயற்சிதான்.

முதல் சிக்கனம் விளிம்பிலேயே ஒளிந்திருந்தது. விளிம்புப் புள்ளி தன் இடத்தை மட்டும் அல்ல, வெளிச்சம் எந்தத் திசையில் மாறுகிறது என்பதையும் சொல்கிறது. வட்டத்தின் விளிம்பில் அந்தத் திசை நேராக மையத்தை நோக்கியோ மையத்திலிருந்து விலகியோதான் இருக்கும். எனவே சுற்றுவட்டாரம் முழுக்க வாக்குப் போடாமல், அந்தத் திசையிலுள்ள கட்டங்களுக்கு மட்டும் போட்டால் போதும். 1975இல் கிம்மி, பல்லார்ட், ஸ்கிளான்ஸ்கி மூவரும் வட்டங்களைத் தேட இந்த வழியைக் கையாண்டார்கள்.

அவர்களில் ஒருவரான டானா பல்லார்ட் 1981இல் இன்னும் ஒரு படி போனார். சமன்பாடே இல்லாத வடிவமாக இருந்தால் என்ன செய்வது? வடிவத்துக்குள் ஒரு நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, "இந்தத் திசை கொண்ட விளிம்பிலிருந்து நடுப்புள்ளி இவ்வளவு தூரத்தில், இந்தப் பக்கம் இருக்கும்" என்று ஒரு அட்டவணை போட்டுவிடலாம் என்றார். புதிய படத்தில் ஒவ்வொரு விளிம்புப் புள்ளியும் அட்டவணையைப் பார்த்து, நடுப்புள்ளி இருக்கக்கூடிய இடங்களுக்கு வாக்குப் போடும். பாதி மறைந்திருக்கும் பொருளையும் மீதிப் பாதியின் வாக்குகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சிக்கனம் தற்செயலை நம்பியது. 1990இல் ஷூ, ஓயா, குல்டானன் மூவரும் எல்லாப் புள்ளிகளையும் எல்லாக் கட்டங்களுக்கும் வாக்களிக்க விடாமல், குலுக்கலில் மூன்று புள்ளிகளை எடுத்து, அவை தீர்மானிக்கும் ஒரே வட்டத்துக்கு ஒரே வாக்கைப் போட்டார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் உண்மையான வட்டத்துக்கே வாக்குகள் மீண்டும் மீண்டும் விழும். வாக்கு விழுந்த கட்டங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பதால் கோடிக்கணக்கான வெற்றுக் கட்டங்கள் மிச்சம்.

கருவிழியை வைத்து ஆளை அடையாளம் காணும் துறையில் இந்த வளைவுத் தேடல்கள் ஒன்றுசேர்ந்தன. ரிச்சர்ட் வைல்ட்ஸ் 1997இல் விளக்கிய முறையில், கண்பாவையின் ஓரமும் கருவிழியின் ஓரமும் வட்டங்களாகவும், இமைகளின் ஓரங்கள் பரவளைவுகளாகவும் வாக்கெடுப்பின் மூலம் கண்டறியப்பட்டன.

எத்தனை வாக்கு போதும்?

இதுவரை ஒரு கேள்வியைத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறோம். ஒரு கட்டத்தில் 40 வாக்குகள் விழுந்திருக்கின்றன. அது கோடா, தற்செயலா? மணலை வாரி இறைத்தாலும் சில மணல்கள் ஒரே வரிசையில் விழத்தான் செய்யும். படத்தின் மூலைவிட்டத்தை ஒட்டிய கோட்டில் 800 பிக்சல்களுக்கு இடம் உண்டு. ஓரத்தை வெட்டிச் செல்லும் கோட்டில் 30 பிக்சலுக்கே இடமிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே குறைந்தபட்ச வாக்கு விதிப்பது நியாயமில்லை. கட்டங்களின் அளவிலும் சிக்கல்: மிகப் பொடியாகப் பிரித்தால் ஒரே கோட்டின் வாக்குகள் பக்கத்துக் கட்டங்களில் சிதறும், மிகப் பெரிதாகப் பிரித்தால் இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். போதாததற்கு, வெற்றிபெற்ற கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இந்த வாக்கெடுப்பு சொல்வதே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள மறுபடியும் படத்துக்குப் போய்த் தேட வேண்டும்.

தற்செயலையே அளவுகோலாக வைத்துக்கொண்டது 2010இல் கிரோம்போன் ஃபான் ஜாய் குழுவினர் வெளியிட்ட கோட்டுத்துண்டு கண்டறியும் முறை. பிரெஞ்சுக் கணிதவியலாளர்களான தெசோல்னோ, முவாசான், மொரேல் ஆகியோர் அதற்கு முன்பே போட்டுவைத்த அடித்தளம் அது. எதுவுமே இல்லாத, வெறும் இரைச்சலான படத்தில் இப்படி ஒரு வரிசை தானாக அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுங்கள். அந்த வாய்ப்பு மிக அரிதாக இருந்தால் மட்டும் கோடு என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

கணக்கைச் சுருக்கமாகப் போட்டுப் பார்க்கலாம். இரைச்சல் படத்தில் ஒரு பிக்சலின் திசை, நாம் தேடும் கோட்டுத் திசைக்கு இருபுறமும் 22.5 பாகைக்குள் அமைய வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்துப் பிக்சல்கள் வரிசையாக அப்படி அமைய வாய்ப்பு 107 கோடியில் ஒன்று. கேட்பதற்கு அசாத்தியம்போல இருக்கிறது. ஆனால் 512-க்கு 512 படத்தில், நீளமும் அகலமும் மாறும் கோட்டுத்துண்டுகளை எல்லாம் கணக்கிலெடுத்தால் சோதிக்க வேண்டியவை ஏறக்குறைய 35 லட்சம் கோடி! இரண்டையும் பெருக்கினால், ஒன்றுமே இல்லாத படத்திலும் பத்துப் பிக்சல் வரிசைகள் 32,000க்கு மேல் தற்செயலாக அமையும் என்று வருகிறது. வரிசை 15 பிக்சலாக நீண்டால்தான் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கு இறங்குகிறது. 16 ஆனால் எட்டில் ஒன்று. பத்துப் பிக்சல் ஒழுங்குக்கும் பதினாறு பிக்சல் ஒழுங்குக்கும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. சாட்சியம் என்ற வகையில் ஒன்று குப்பை, மற்றொன்று ஆதாரம்.

எனவே ஒரு படத்தில் கோடு இருக்கிறது என்று எந்திரம் சொல்வது, அது எதையோ பார்த்துவிட்டதாக அர்த்தமல்ல. இத்தனை புள்ளிகள் இப்படி ஒத்துப்போவதைத் தற்செயலால் விளக்க முடியாது என்ற தீர்ப்பு அது. ஹஃப்பின் குமிழ்கள் முதல் இன்றுவரை மாறாமல் இருப்பது இந்த ஒன்றுதான்.

வாக்குப் போடுபவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள். சுழலும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து ஓயாமல் வரக்கூடிய மெல்லிய ஈர்ப்பலைகளைத் தேடும் வானியலாளர்கள், நேரத்தோடு அலைவெண் மாறும் தடங்களை ஹஃப் முறையால் அலசுகிறார்கள். ஆழ்கற்றல் வந்த பிறகும் வாக்கெடுப்பு ஒழியவில்லை. 2019இல் முப்பரிமாணப் புள்ளித் திரளில் பொருள்களைத் தேடும் ஒரு நரம்பு வலையமைப்பு, ஒவ்வொரு புள்ளியும் பொருளின் மையத்துக்கு வாக்குப் போடும்படி வடிவமைக்கப்பட்டது. பல்லார்டின் அட்டவணையைக் கையால் எழுதாமல், எந்திரமே கற்றுக்கொள்கிறது; அவ்வளவுதான். 2020இல் கோடு கண்டறியும் வலையமைப்புகளுக்குள்ளும் ஹஃப் உருமாற்றம் ஓர் அடுக்காகப் பொருத்தப்பட்டது. கோடு என்றால் என்ன என்ற வடிவியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அதைக் கற்பிக்கத் தேவையான படங்கள் குறைகின்றன.

ஆனால் கோட்டுக்கு என்று ஒரு குறை உண்டு. எத்தனை கோடி வாக்கு விழுந்தாலும் அது தீராது. நீண்ட கோட்டின் நடுப்பகுதியை ஒரு சிறிய துளை வழியாகப் பாருங்கள். கோடு பக்கவாட்டில் நகர்ந்தால் தெரியும். தன் நீளவாக்கில் நகர்ந்தால் எதுவுமே மாறாது. ஷேக்கி போன்ற ஒரு ரோபோ சுவரின் ஓரக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சுவரின் எந்த இடத்துக்கு எதிரே நிற்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம், அதாவது மூலை வேண்டும். இரண்டு படங்களை ஒட்டிப் பரந்த காட்சியாக்கவும், நகரும் கேமராவின் பாதையைக் கணிக்கவும் தேவைப்படுவது அந்த மூலைகள்தான். அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த அத்தியாயம்.